நிழலை நகர்த்துகிறவர்

தூங்கிக்கொண்டிருக்கும் ஆளை நாற்காலியோடு சேர்த்து இழுக்கிறார் மாமா. அந்த மனிதரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மார்பின் மேல் கவிழ்த்து வைத்திருந்த புத்தகம் நழுவி மணலில் விழுகிறது. மாமா அதை எடுத்துத் தட்டி, விழுந்த பக்கத்தை எப்படியோ யூகித்து விரித்து, மறுபடியும் மார்பின் மேலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இழுக்கிறார். ஆள் முழுவதும் குடை நிழலுக்குள் வந்தாயிற்று. மாமா இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். கால் கட்டைவிரல் மட்டும் வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலையும் தூக்கி உள்ளே வைக்கிறார்.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கடலைப் பார்த்தபடி தூங்கிய மனிதர், உடை மாற்றும் அறைகளின் சுவரைப் பார்த்தபடி கண் விழிப்பார். போன வாரம் இப்படித்தான் ஒரு பெரியவர் எழுந்து, எதிரே இருந்த கடலைக் காணாமல் பதறிப்போய், மனைவி எங்கே மனைவி எங்கே என்று கூப்பாடு போட்டுவிட்டார். அந்த அம்மாள் அவருக்குப் பின்னால், கடல் இருந்த இடத்தில்தான் இருந்தார்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். கடற்கரையில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். பக்கத்திலேயே நான் துடுப்புப் படகுகளும் மிதவைச் சட்டைகளும் வாடகைக்கு விடுகிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே தகரக் கூரை போட்ட சின்னக் கவுண்டரில் அக்கா உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறாள், ஐஸ் பெட்டியைத் திறந்து எலுமிச்சைச் சாறு எடுத்துக் கொடுக்கிறாள். மூன்று பேருக்கும் சேர்த்துக் கடற்கரை அலுவலகம் கொடுத்தது ஒரே அனுமதி. ஆகவே மாமா எதைச் செய்தாலும் அது என் தலையிலும்தான் வந்து விடியும். இதையெல்லாம் நான் எரிச்சலோடுதான் எழுதுகிறேன் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பொறுமையான ஆள் எழுதியதைப் படிக்க வேண்டுமென்றால் அக்காவிடம்தான் கேட்க வேண்டும், அவளுக்கு நேரமில்லை.

கடற்கரையில் எல்லாருக்கும் அவர் குடை மாமாதான். ஐஸ்கிரீம் வண்டிக்காரருக்கும், உயரமான மேடையில் உட்கார்ந்திருக்கும் உயிர்காப்பாளருக்கும், வருஷா வருஷம் விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கும். என்னை அவர் இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார். அக்காவுக்குக் கல்யாணமானபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்; இப்போது காதோரம் நரைத்துவிட்டது. “பாப்பா, அந்த நீலத் துண்டுக்கார அம்மா பக்கம் வெயில் வருது பாரு” என்று கடற்கரை முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தும்போது, படகு எடுக்க வந்தவர்கள் பாப்பாவைத் தேடி என் இடுப்பு உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்துகிறார்கள்.

வேலை தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் அவர் குடை நடுவதைப் பார்க்க வேண்டும். கம்பியால் குழி தோண்டி, கம்பைத் திருகித் திருகி இறக்கி, ஈர மணலைப் போட்டுக் குதிகாலால் மிதித்து இறுக்குவார். காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பார். மற்றவர்கள் நட்ட குடைகள் மத்தியானக் காற்றில் பிடுங்கிக்கொண்டு பந்தாட்டக்காரர்கள் நடுவே உருண்டு போகும், இவருடையது அசையாது. அத்தோடு எங்கள் தொழிலில் குடைக்காரரின் வேலை முடிந்தது. மற்ற குடைக்காரர்கள் அதற்குப் பிறகு சுவரோரம் படுத்துத் தூங்குகிறார்கள், சாயங்காலம் எழுந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். வெயில் திரும்பினால் வாடிக்கையாளர் தானாகவே நாற்காலியைத் தள்ளிக்கொள்வார், அல்லது தள்ளிக்கொள்ளாமல் வெயிலில் கிடப்பார். அது அவரவர் தோல், அவரவர் விருப்பம்.

மாமாவால் அப்படி விட முடியாது. நிழல் ஒரு சாண் நகர்ந்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. குடையைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவார். நடுவதற்கு இடமில்லையென்றால் ஆளை இழுப்பார். ஆள் விழித்திருந்தால், “கொஞ்சம் எழுந்திருங்க, ஒரே நிமிஷம்” என்பார். அந்த ஒரு நிமிஷத்தைப் பகலெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

“ஐயா, நாங்க வெயில் காயத்தான் வந்திருக்கோம்” என்று ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள்.

“காயுங்கம்மா, நல்லாக் காயுங்க. யாரு வேண்டாம்னா? நிழல்ல இருந்துக்கிட்டே காயுங்க” என்று சொல்லி, அவள் கேட்காத குடையை அவள் தலைமாட்டில் நட்டுவிட்டு வந்தார். அதற்கு வாடகையும் வாங்கவில்லை. அந்தப் பெண் அங்கிருந்து எழுந்து தள்ளிப்போய் மணலிலேயே படுத்தாள். இவர் இன்னொரு குடையைத் தூக்கினார். நான் போய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு தொங்காத குறை.

இதற்குப் பின்னால் ஏதோ பெரிய சோகம் இருக்கும் என்று யாரும் உருக வேண்டாம். ஒன்றும் கிடையாது. மாமா வெகுகாலம் ஒரு துணிக்கடையில் இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் விரித்து வைத்திருக்கும் துணிகளில் வெயில் பட்டுச் சாயம் போகாமல், வாசல் பந்தலை ஏற்றி இறக்குவது அவர் பொறுப்பு. கடையை மூடிவிட்டார்கள். துணிக்குப் பதிலாக மனிதர்கள் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இன்னும் வெயிலில் சிவந்த தோளைப் பார்த்தால், “போச்சு, வெளுத்துடுச்சு” என்கிறார். சிவந்துவிட்டது என்று திருத்தினால், “எல்லாம் ஒண்ணுதான் பாப்பா, பழைய நிறம் வராதுல்ல” என்பார். இத்தனைக்கும் அவர் காது மடல் இரண்டும் வெயிலில் உரிந்துகொண்டிருக்கும். அக்கா வாங்கிக் கொடுக்கும் தொப்பிகளெல்லாம் முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் தலையில் ஏறிப் போய்விட்டன.

இங்கே வருகிறவர்களுக்குச் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. கடலுக்குள் நீண்டிருக்கும் சிறு முனையில் கலங்கரை விளக்கம் இருக்கிறது, மேலே ஏறிப் பார்க்கலாம். தண்ணீர் வற்றும்போது பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீனும் நண்டும் பார்க்கலாம். கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் போகலாம். விசைப்படகு இழுக்க, பாராசூட்டில் பறக்கலாம். எதைப் பற்றி மாமாவிடம் விசாரித்தாலும் அது உருப்படாது.

“கலங்கரை விளக்கமா? ஏறி என்ன பாக்கப் போறீங்க? இதே கடல்தான். கொஞ்சம் சின்னதாத் தெரியும்.”

கண்ணாடிப் படகை மட்டும் வாயாரப் புகழ்வார். “தாராளமாப் போய்ட்டு வாங்க. அருமையான கூரை போட்டிருக்கான்.” கீழே என்ன மீன் தெரியும் என்று கேட்டால், “அதெல்லாம் நான் கவனிக்கலைங்க” என்பார். பாராசூட் மேல் அவருக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. அண்ணாந்து பார்த்து, “எவ்ளோ பெரிய குடை! ஆளு மேல நிழல் விழுதா பாரு. என்ன பிரயோஜனம்?” என்று உச்சுக் கொட்டுவார்.

பாறைக் குட்டைகளுக்குப் போகும் குழந்தைகளின் பின்னாலேயே ஒரு குடையைத் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கிப் போவார். இவர் நிழல் தண்ணீரில் விழுந்ததும் நண்டெல்லாம் பொந்துக்குள் ஓடிவிடும். குழந்தைகள் இவரைப் பார்த்து முறைப்பார்கள். ஒரு குடும்பம் காலையிலிருந்து உட்கார்ந்து கோபுரமும் அகழியுமாக மணல் கோட்டை கட்டியது. குழந்தைகள் வெயிலில் வாடுகிறார்களே என்று இவர் ஓடிப்போய்க் கம்பை இறக்கினார். எங்கே? கோட்டையின் நட்ட நடுவில். “அங்கதான் மணல் நல்லா ஈரமா இருந்துச்சு” என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. அந்தக் குழந்தைகளின் அழுகையை அடக்க என் படகு ஒன்றைச் சும்மா விட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. சிவப்புத் துண்டு விவகாரம் அப்படியில்லை.

புதிதாகக் கல்யாணமான இருவர் என் படகை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கடல் அலையில்லாமல் தட்டையாக இருந்தது. மிதவைகள் கட்டிய கயிற்றுக்கு உள்ளேயே, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமாவும் பார்த்திருக்கிறார். இவர்கள் வெயிலில் இருந்தது போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு, யாருடைய துண்டோ, நல்ல சிவப்புத் துண்டு, அதைத் தலைக்கு மேல் சுழற்றி, “வாங்க! வாங்க! வெளிய வாங்க!” என்று கத்தினார்.

கடற்கரையில் சிவப்புத் துணியைச் சுழற்றினால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். உயிர்காப்பாளர் மேடையிலிருந்து குதித்தார். விசில் பறந்தது. தண்ணீரில் இருந்தவர்களெல்லாம் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி அலறினார்கள். படகில் இருந்த அந்த இருவரும் பின்னால் எது துரத்துகிறதோ என்று திரும்பிப் பார்த்த வேகத்தில் படகு கவிழ்ந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. உயிர்காப்பாளர் இருவரையும் இழுத்து வந்து போட்டார். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். மாமா குடைக்குக் கீழே இரண்டு நாற்காலியை விரித்து வைத்துவிட்டு, “நல்லவேளை வந்துட்டீங்க. மூஞ்சியெல்லாம் எப்படி ஆயிடுச்சு பாருங்க” என்றார்.

அவர்கள் ஈரத் துணியோடேயே நேராகக் கடற்கரை அலுவலகத்துக்கு நடந்தார்கள்.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்வது அவர்தான். கத்துகிற ஆள் இல்லை, அதுதான் பயம். கவுண்டருக்கு வந்து, கைக்குட்டையால் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு, அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: “இது முதல் புகார் இல்லைம்மா, உங்களுக்கே தெரியும். நானே ஒரு நாள் வந்து உக்காந்து பாக்கறேன். அன்னிக்கும் இதே கதைதான்னா இந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்னைத் தப்பா நினைக்கக் கூடாது.”

அவர் போன பிறகு அக்கா ஐஸ் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மணலை விட்டால் படகுகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? வீட்டு மாடியில் விட முடியுமா?

அன்று சாயங்காலம் குடைகளை மடக்கி அடுக்கிய பிறகு, மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து நாங்கள் இருவரும் எதிரே நின்றோம். பேசியதெல்லாம் நான்தான். பொழப்பைக் கெடுக்கிறீர்கள் மாமா, ஊரிலிருந்து வந்தவர்கள் வெந்து போனால் உங்களுக்கென்ன, யார் உங்களைக் கேட்டார்கள் என்று மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றுக்கும் அவர், “நான் என்ன பண்ணுவேன் பாப்பா? வெயில் வருதே” என்று ஒரே பதிலைச் சொன்னார்.

அக்கா ஒரு எட்டு முன்னால் வந்தாள். “கடை போனப்ப நீங்க வீட்டுல எப்படி உக்காந்திருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “மறுபடியும் அதை என்னால பாக்க முடியாது.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒருதடவை நட்ட குடையில கை வெக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“வெக்க மாட்டேன்.”

“நாற்காலியைத் தொட மாட்டேன்னு.”

“தொட மாட்டேன்.”

“யாரையும் எழுப்ப மாட்டேன், யாருகிட்டயும் பேச மாட்டேன்.”

“பேச மாட்டேன்.” பிறகு தலையைத் தூக்கி, “ரொம்ப வெயில் வந்தா?” என்றார்.

“சொல்லுங்க” என்றாள் அக்கா.

“பேச மாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது முன்பைவிடப் பெரிய இம்சையாக இருந்தது. காலையில் குடைகளை நட்டுவிட்டு வந்து, கவுண்டருக்குள் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். வெளியே பார்க்காமல் ஐஸ் பெட்டியைப் பார்ப்பார். பிறகு கழுத்து தானாகவே வெளியே திரும்பும். உடனே ஒரு பெருமூச்சு. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடக்கும்.

“பாப்பா.”

“என்ன மாமா?”

“அந்தப் பச்சைச் சட்டைக்காரர் முழங்கால்ல வந்துடுச்சு.”

“வரட்டும்.”

“நான்தானே தொடக் கூடாது? நீ தொடலாமே.”

“நான் தொட மாட்டேன்.”

“சும்மா அந்தப் பக்கம் நடந்து போற மாதிரி போயி...”

“மாமா!”

வாடிக்கையாளர்கள் நிம்மதியாக வெந்து, நன்றி சொல்லிவிட்டு, பளபளவென்று சிவந்த முதுகோடு போனார்கள். ஒரு புகார் இல்லை. எனக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்த வாளியில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வந்தது. ஒரு மனுஷனால் எப்படிச் சும்மா இருக்கவே முடியாமல் போகும்?

மேற்பார்வையாளர் சொன்னபடியே வந்தார். விடுமுறை நாள், நல்ல கூட்டம். பூப்போட்ட சட்டையும் அரைக்கால் சட்டையுமாக வந்ததால் முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. அக்காவிடம் சீட்டு வாங்கி, எலுமிச்சைச் சாறு ஒன்றை நின்றபடியே குடித்துவிட்டு, “நான் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி உக்காந்துக்கறேன். யாரும் கிட்ட வர வேண்டாம். என்னைத் தொந்தரவு பண்ணாம இருந்தா அதுவே போதும்” என்றார். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் சாய்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சிறிது நேரம் நாலு பக்கமும் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது, குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? இப்படியே தூங்கி எழுந்து, சோம்பல் முறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அனுமதி எங்களுடையது.

குறட்டை சத்தம் கேட்டதும் மாமா வாளியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். குடையின் நிழல் அந்த மனிதரின் இடது கையைவிட்டு விலகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தோள் வெளியே வந்தது. பூப்போட்ட சட்டை வெயிலில் கண்ணைப் பறித்தது. பிறகு வெயில் கழுத்துக்கு ஏறியது. வழுக்கைத் தலையின் விளிம்பைத் தொட்டது.

“உக்காருங்க” என்றாள் அக்கா, உதடு அசையாமல்.

மாமா உட்காரவில்லை. கவுண்டரை விட்டு வெளியே போனார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்கலாமென்றால், சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் விழித்துக்கொண்டால் என்ன செய்வது? “மாமா, வேண்டாம்” என்று கிசுகிசுத்தேன். மாமா பாதி வழியில் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து எங்களுக்குக் காட்டினார். தொட மாட்டேன் என்கிறார். பிறகு கைகளைப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுக்கப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

குடையின் பக்கமே போகவில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கடலுக்கு முகத்தை வைத்துக்கொண்டு, வெயிலுக்கும் மேற்பார்வையாளருக்கும் நடுவே நின்றார். அவர் நிழல் அந்த மனிதரின் கையின் மேல் விழுந்தது. மாமா கீழே ஒரு பார்வை, வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தார். தோள் மறைந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். கழுத்தும் மறைந்தது.

எங்கள் படகும் குடையும், அக்காவின் கவுண்டரும், எல்லாமே அந்தக் குறட்டையை நம்பி நின்றன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை, ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்தது போலக் குளிர்ந்திருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைத் தூக்கி, இந்த மனிதர் எதற்காக இப்படிச் சிலை மாதிரி நிற்கிறார் என்று பார்த்தார்கள். ஒரு குழந்தை அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவரைப் போலவே கையைப் பின்னால் கட்டிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் ஓடிவிட்டது.

தலை மட்டும் பாக்கி இருந்தது. மாமா குள்ளம். அவர் நிழல் மேற்பார்வையாளரின் காதோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே வழுக்கை தகதகவென்று வெயிலில் இருந்தது. மாமா கழுத்தை நீட்டிப் பார்த்தார், போதவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு பின்னால் கட்டிய கையை அவிழ்க்காமல், மெதுவாகக் குதிகால்களை மணலிலிருந்து உயர்த்தி, நுனிக்காலில் நின்றார்.